இன்சுலின் பம்ப் நின்றால் சில மணி நேரமே அவகாசம்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் கவனிக்க வேண்டியவை

நாள்தோறும் பலமுறை ஊசி போட்டுக்கொள்ளும் சிரமத்தை இன்சுலின் பம்ப் குறைக்கிறது. ஆனால், அதன் இயக்கம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரிடலாம். தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் கடும் வெயில், மலை உயரம், பருவமழை ஆகிய மூன்றும் இந்த ஆபத்துக்கு வழிவகுக்கக் கூடியவை.

முதல் வகை நீரிழிவால் பாதிக்கப்பட்ட சிறாருக்காக, கேரள சமூகப் பாதுகாப்பு இயக்கம் 2018-ஆம் ஆண்டு முதல் 'மிட்டாயி' திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. இன்சுலின், பேனா ஊசி, சர்க்கரை அளவைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி ஆகியவற்றுடன், தேவைப்படும் சிறாருக்குப் பம்பும் இத்திட்டத்தில் இடம்பெறுகிறது.

பம்ப் செயல்படும் விதம்

கைப்பேசி அளவிலான இக்கருவி, தோலுக்கடியில் பொருத்தப்பட்ட மெல்லிய குழல் வழியாக இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறது. இதில் விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே பயன்படுத்தப்படுகிறது. ஊசி போடுபவர்களின் உடலில் நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின் இருப்பாக இருக்கும். பம்ப் அணிந்தவர்களுக்கு அந்த இருப்பு இல்லை. எனவே, குழல் மடங்கினாலோ அடைபட்டாலோ கழன்றாலோ இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி, 'கீட்டோஅசிடோசிஸ்' என்ற அபாய நிலை ஏற்படலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

கருவியிலும் குறைபாடுகள் நேரிட்டதுண்டு. இன்சுலின் குப்பியைப் பிடித்திருக்கும் வளையம் உடைந்தோ காணாமலோ போனதால், மெட்ட்ரானிக் நிறுவனம் தனது மினிமெட் 600 வரிசைப் பம்புகள் குறித்து 2019 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் இதனை மிகக் கடுமையான முதல் வகைத் திரும்பப் பெறுதலாக அறிவித்தது. அப்போது 2,175 பேர் பாதிக்கப்பட்டதாகவும் ஒருவர் உயிரிழந்ததாகவும் தகவல்கள் பதிவாகியிருந்தன. அந்நிறுவனத்தின் சில பழைய மாதிரிகளை வெளியாட்கள் கம்பியில்லாத் தொடர்பு வழியே இயக்கக்கூடும் என்றும் அதே நிர்வாகம் 2019 ஜூனில் எச்சரித்தது.

வெயிலும் உயரமும்

2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பம்பில் நிரப்பிய இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் சூடானால், அதை அகற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும் என்பது பொதுவான அறிவுறுத்தல். வயல் வேலையிலும் இருசக்கர வாகனப் பயணத்திலும் பம்பின் மீது நேரடி வெயில் படாமல் காப்பது அவசியம்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகச் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறுக்குச் செல்லும்போது காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இன்சுலினில் கரைந்துள்ள காற்று குமிழிகளாக வெளிப்பட்டு, சிறிதளவு இன்சுலின் கூடுதலாக உடலுக்குள் செல்லக்கூடும். விமானப் பயணச் சூழலில் இது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. மலைப்பாதையில் அழுத்த மாற்றம் படிப்படியானது என்றாலும், குறைந்த அளவு இன்சுலின் பெறும் சிறு குழந்தைகளுக்குக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, சர்க்கரை அளவையும் சரிபார்ப்பது நல்லது.

பருவமழையின்போது சாலை துண்டிக்கப்படுவது மற்றொரு சவால். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடி தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் 70 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவு குறித்த தகவல், மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாத இத்தகைய இரவுகளில் பம்ப் பழுதானால், வீட்டிலுள்ள மாற்று ஏற்பாடே உயிர் காக்கும்.

வீட்டில் இருக்க வேண்டியவை

* விரைவாகச் செயல்படும் இன்சுலினும் நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினும், அவற்றுக்கான பேனா அல்லது சிரிஞ்சும்
* பம்ப் நின்றால் போட வேண்டிய அளவு குறித்து மருத்துவர் எழுதித் தந்த சீட்டு
* உதிரிக் குழல்கள், பேட்டரி அல்லது சார்ஜர், குளுக்கோமீட்டர், கீட்டோன் பரிசோதனைப் பட்டை
* சர்க்கரை தாழ்ந்தால் உடனே உட்கொள்ள குளுக்கோஸ்

குழலை இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சர்க்கரை அளவு 250 மில்லிகிராமைத் தாண்டி, பம்ப் மூலம் இன்சுலின் செலுத்தியும் குறையாவிட்டால், குழலில் தடை இருப்பதாகவே கருத வேண்டும். உடனே கீட்டோன் பரிசோதனை செய்து, மருத்துவர் குறித்துத் தந்த அளவை ஊசி மூலம் செலுத்திய பின்னர் குழலை மாற்ற வேண்டும். வாந்தி தொடர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் பம்பைக் கழற்றிவிட வேண்டும்.

மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பம்ப் பழுதால் பாதிப்பு நேர்ந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் புகார் தெரிவிக்கலாம். பழுதான கருவியையும் குழலையும் தூக்கி எறியாமல் வைத்திருப்பது விசாரணைக்கு உதவும்.