பொம்மைத் துப்பாக்கிதான்... பார்ப்பவருக்கு அது தெரியுமா?

திருவிழாக் கடையில் ஆசையாக வாங்கிய விளையாட்டுப் பொருள், பொது இடத்தில் ஆயுதமாகத் தெரிந்தால் என்ன ஆகும்? பெற்றோரும் பயணிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுச்செட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. ராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது தல வரலாறு. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. இளம் வயதில் ராமாநுஜர், யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதும் இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு.

வேதாந்தப் பாடம் என்றாலே தவறாமல் வரும் ஓர் உதாரணம் உண்டு... கயிறும் பாம்பும். அரையிருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிகிறது. அங்கே பாம்பு இல்லை. ஆனால் பார்த்தவருக்கு வரும் வியர்வையும் படபடப்பும் நிஜம். அவர் கையில் ஒரு தடி இருந்தால், விழுகிற அடியும் நிஜம்!

இன்றைக்கு அந்தக் கயிற்றின் இடத்தில் இருப்பவை துப்பாக்கி வடிவ லைட்டர், தோட்டா வடிவ சாவிக்கொத்து, கையெறி குண்டு வடிவ வாசனை திரவிய பாட்டில், அசல்போலவே இருக்கும் பிளாஸ்டிக் பிஸ்டல். கோயில் விழாக் கடைகளிலும் ஆன்லைனிலும் சாதாரணமாகக் கிடைப்பவை. வீட்டுக்குள் இருக்கும்வரை வேடிக்கை. வெளியே வந்தால்?

இடம்தான் எல்லாமே!

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். கடை வாசல், அலுவலக வாசல், கோயில் வாசல் என்று எங்கே போனாலும் துப்பாக்கி வடிவக் கருவியை நேராக நெற்றிக்கு நீட்டினார்கள். யாராவது அலறினோமா? காய்ச்சல் பார்க்கும் கருவி என்று தெரியும், அதனால் சிரித்தபடி நெற்றியைக் காட்டினோம். அதே கருவியை நள்ளிரவில் ஒருவர் ஏ.டி.எம் வாசலில் நீட்டியிருந்தால் கதையே வேறு.

பொருளின் வடிவம் மட்டும் பயத்தை உண்டாக்குவதில்லை. எந்த இடம், எந்த நேரம், யார் கையில், பார்ப்பவரின் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது... இவை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பொம்மையால் கடத்தப்பட்ட விமானங்கள்

'வெறும் பொம்மைக்கா இவ்வளவு கெடுபிடி?' என்று விமான நிலையத்தில் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் கெடுபிடிக்குப் பின்னால் நம் நாட்டிலேயே நடந்த இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

1971 ஜனவரி 30. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் 'கங்கா' விமானத்தை ஹாஷிம் குரேஷி, அஷ்ரஃப் குரேஷி என்ற இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். பயணிகள் விடுவிக்கப்பட்டாலும் விமானம் எரிக்கப்பட்டது. அவர்கள் வைத்திருந்தது பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த போலி கையெறி குண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பதிலடியாக, பாகிஸ்தான் விமானங்கள் இந்திய வான்வழியில் பறக்கத் தடை விதித்தது இந்தியா. அதனால் மேற்கு பாகிஸ்தானிலிருந்து கிழக்கு பாகிஸ்தானுக்குப் போக வேண்டிய விமானங்கள் இலங்கை வழியாகச் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் போரே மூண்டது. ஒரு பொம்மைத் துப்பாக்கி வரலாற்றுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

அடுத்தது, 1978 டிசம்பர் 20. லக்னோவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் நடுவானில் கடத்தப்பட்டு வாரணாசியில் இறங்கியது. கடத்தியவர்கள் போலாநாத் பாண்டே, தேவேந்திர பாண்டே. சிறையில் இருந்த இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அவர்களிடம் இருந்தவை ஒரு பொம்மைத் துப்பாக்கியும், குண்டுபோலக் காட்டிய கிரிக்கெட் பந்தும்தான். பின்னாளில் இருவருமே உத்தரப்பிரதேச சட்டமன்ற உறுப்பினர்களானார்கள் என்பது தனிக்கதை.

இந்த இரண்டு விமானங்களிலும் பயணிகளைக் கட்டிப்போட்டது தோட்டா அல்ல, பயம். அதனால்தான் விமானத்தின் கேபினுக்குள் பொம்மைத் துப்பாக்கிக்கும் அனுமதி இல்லை.

மாலையும் ஆயுதமான மண்

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. திருப்புட்குழியிலிருந்து சென்னையை நோக்கி அதே நெடுஞ்சாலையில் வந்தால், வழியில் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு, அங்கே தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தியை நோக்கி ஒரு பெண் வந்தார். கையில் சந்தன மாலை. காலைத் தொடுவதுபோலக் குனிந்தார். உடைக்குள் இருந்த வெடிகுண்டு பெல்ட் வெடித்தது.

ஆயுதம் இல்லாததை ஆயுதம் என நினைத்தால் ஓர் அப்பாவிக்கு அவமானம், சில சமயம் ஆபத்து. ஆயுதத்தைச் சாதாரணப் பொருள் என நினைத்தால் பல உயிர்கள் போகும். பையைத் திறக்கச் சொல்லும் காவலர், ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில்தான் நிற்கிறார். முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பதோ சில நொடிகள். எக்ஸ்ரே திரையில் அவருக்குத் தெரிவது உங்கள் குழந்தையின் ஆசை அல்ல, ஒரு துப்பாக்கியின் உருவம் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமே போலித் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறது. சுடுமா, சுடாதா என்பது கேள்வியே இல்லை. துப்பாக்கிபோலத் தோற்றமளிக்கும் எதுவும் 'போலித் துப்பாக்கி'தான் என்கிறது அதன் 6-வது பிரிவின் விளக்கம். சட்டப்படியான கைதைத் தடுக்க ஒருவர் போலித் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலும், 28-வது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

கொள்ளைக் குற்றத்திலும் இதே பார்வைதான். உடனே உயிர் போய்விடும், காயம்படும் என்ற பயத்தை உண்டாக்கிப் பறித்தாலே அது கொள்ளை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-வது பிரிவு. நீட்டியது பொம்மை என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது.

அதேநேரம், நம் வீட்டு அரிவாள்மனையைப் பார்த்துச் சட்டம் பயப்படுவதில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத விதிகள் ஆயுதமாகக் கணக்கெடுத்தாலும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு இருக்கிறது. 'எதற்காகச் செய்தது?' என்ற கேள்வியைச் சட்டம் கேட்கிறது. ஆனால் பதறிய கண் அதைக் கேட்காது.

இரண்டே நொடிகள்...

பதறிய கண் என்ன செய்யும் என்பதற்கு உலகமே கலங்கிய உதாரணம், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரச் சிறுவன் டாமிர் ரைஸ். வயது 12. 2014 நவம்பர் 22 அன்று பூங்காவில் ஒரு பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பார்த்த ஒருவர் போலீஸுக்கு போன் செய்தார். 'அது போலியாக இருக்கலாம், அவன் சிறுவனாக இருக்கலாம்' என்றும் சொன்னார். அந்தத் தகவல் சம்பவ இடத்துக்கு விரைந்த போலீஸாரை எட்டவே இல்லை. கார் வந்து நின்ற சுமார் 2 நொடிகளில் அவன் சுடப்பட்டான். மறுநாள் இறந்துபோனான். 2016-ல் அவன் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் தர நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பணம் வந்தது... பிள்ளை வருவானா?

அந்தப் பொம்மை, முனையில் ஆரஞ்சு நிறத்தோடு விற்கப்பட்டது. அமெரிக்காவில் 1988-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அன்று அவன் கையில் இருந்த பொம்மையில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. அடையாளம் போனதும் அது அசலாகத் தெரிந்தது.

பொருளைவிட ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதும் நடக்கிறது. 2015 செப்டம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்தின் இர்விங் நகரில், அகமது முகமது என்ற 14 வயது மாணவன், தான் செய்த கடிகாரத்தை ஆசிரியர்களிடம் காட்டப் பள்ளிக்குக் கொண்டுபோனான். வெடிகுண்டுபோல இருக்கிறது என்று சந்தேகப்பட்டு அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். பெயரும் மதமும்தான் காரணமா என்ற கேள்வி எழுந்தது. பின்னர் அதிபர் ஒபாமாவே அவனை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். நாமும் யாரையாவது பார்த்துச் சந்தேகப்படும் முன், பயம் வந்தது கையில் இருக்கும் பொருளாலா, அந்த முகத்தாலா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது நல்லது.

தேங்காய்க்கும் தடை!

விதிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. பேசினால் மாறும். நம்மூர் தேங்காயே சாட்சி. பாதுகாப்புக் காரணங்களால் விமான கேபினில் தேங்காய்க்கு அனுமதி இல்லாமல் இருந்தது. இருமுடி கட்டிச் செல்லும் சபரிமலை பக்தர்களின் சிரமத்தைப் பார்த்து, 2024 அக்டோபரில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. சோதனைக்குப் பிறகு இருமுடித் தேங்காயைக் கேபினுக்குள் கொண்டுபோகலாம் என 2025 ஜனவரி 20 வரை அனுமதி தரப்பட்டது. உள்நாட்டு விமானங்களில் சீக்கியர்கள் கிர்பான் வைத்துக்கொள்ளலாம். அதன் கத்திப் பகுதி 6 அங்குலத்தையும் மொத்த நீளம் 9 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. நம்பிக்கையையும் பாதுகாப்பையும் சேர்த்து யோசிக்க முடியும் என்பதற்கு இவை உதாரணங்கள்.

பொம்மை விஷயத்தில் பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அசல்போலவே இருக்கும் போலித் துப்பாக்கிகளைச் செய்வதையும் விற்பதையும் 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தியது. பளீர் நிறத்தில் இருந்தால் பிரச்னை இல்லை. குழப்பத்தைக் கடையிலேயே தீர்த்துவிடும் வழி இது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

* பொம்மைத் துப்பாக்கி வாங்குவதானால் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று தூரத்திலிருந்தே பொம்மை எனத் தெரியும் நிறத்தில் வாங்குங்கள். கறுப்பும் வெள்ளியும் வேண்டாம்.

* நிற முனையை உடைக்கவோ, மேலே பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள். குழந்தைக்கு அது அலங்காரம். அந்நியருக்கு அதுதான் அடையாளம்.

* கோயிலிலிருந்தோ கடையிலிருந்தோ திரும்பும்போது பையில் போட்டு எடுத்து வாருங்கள். பேருந்தில் ஜன்னல் வழியாக அடுத்த வண்டிக்காரரைக் குறிபார்க்க வேண்டாம்.

* விமானப் பயணம் என்றால் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கி, தோட்டா வடிவ சாவிக்கொத்து, கூர்முனை உள்ள பித்தளைப் பொருள்கள் கூடாது. பெட்டியில் வைப்பதானாலும் விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். லைட்டருக்கு எதிலுமே அனுமதி இல்லை.

* பாதுகாப்புச் சோதனையில் 'உள்ளே குண்டு இருக்கு' என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பயணமும் போய், வழக்கும் வரும்.

* காவலர் நிறுத்தினால் ஓடாதீர்கள். பொருளைச் சட்டென்று வெளியே உருவவும் வேண்டாம். கைகள் தெரியும்படி நின்று, 'பையில் பொம்மை இருக்கிறது' என்று வாயால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

* சந்தேகமான ஒன்றைப் பார்த்து 112-க்கு போன் செய்தால், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'சிறுவன்போலத் தெரிகிறான், பொம்மையாகவும் இருக்கலாம்' என்று தோன்றினால் அதையும் விடாமல் சொல்லி, குறித்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். கிளீவ்லாந்தில் வழியிலேயே தொலைந்துபோனது அந்த ஒரு வாக்கியம்தான்.