கழுத்துக் கட்டியின் பூர்வீகம்

குழந்தைக்குச் சளி பிடித்தால் கழுத்தில் நெறி கட்டும். சில நாளில் தானே வடிந்துவிடும். வடியாமல் வளரும் ஒரு வகைக் கட்டியை 1832-ல் லண்டனில் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்தார். நிணநீர்ப் புற்றுநோயில் அது ஒரு வகை. 1902-ல் டோரதி ரீட் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் அதிலுள்ள ராட்சத செல்லை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து, இது டி.பி. அல்ல என்றார்.

சரி, அந்தச் செல் எந்த வம்சம்? கட்டியில் நூற்றுக்கு ஒன்றுதான் அது இருக்குமாம். அதனால் கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. 1994-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கட்டியின் மெல்லிய சீவல்களிலிருந்து அந்தச் செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மரபணுவைப் படித்தார்கள்.

நோயை எதிர்க்கும் பி செல் ஒவ்வொன்றும் தன் மரபணுவில் தனி அடையாளம் வைத்துக்கொள்ளும். சலவைக்காரர் துணியில் போடுவாரே, அந்தக் குறி மாதிரி! அதன் வாரிசுகளுக்கும் அதே குறிதான். ராட்சத செல்களிலும் அந்தக் குறி இருந்தது. ஆக, நம்மைக் காக்க வேண்டிய பி செல் ஒன்று வழிதவறிப் பெருகியதுதான் இந்த நோய் என்று தொடர்ந்து வந்த ஆய்வுகளும் காட்டின.

இன்று இந்நோய் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. இரண்டு மூன்று வாரமாகியும் கட்டி வடியவில்லையா? வலிக்கலையே என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. "துண்டு எடுத்துப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னால் தயங்கவும் வேண்டாம். பதில் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.