வெந்த எஞ்சினுக்கு மறுவாழ்வு

ஈஜோக்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கோல சிலாங்கூருக்குப் போகும் சாலை. நண்பகல் வெயில். ஓரமாக நிற்கும் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரின் பானெட்டிலிருந்து ஆவி கிளம்புகிறது. வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும், ‘பட்டறை பக்கத்தில்தானே’ என்று சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டார்கள். இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், மாணவர்களே. அந்தச் சில கிலோமீட்டரில் எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கும்? அதை மறுபடி ஓட வைக்க முடியுமா?

சத்ரியா ஜிடிஐ 1990-களின் இறுதியில் வந்த மலேசிய விளையாட்டு ரகக் கார். 1996-இல் புரோட்டோன் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம்தான், சாலையில் வளைந்து நெளிந்து ஓடும் திறனை இதற்குக் கொடுத்தது. எஞ்சின், மிட்சுபிஷியின் 4ஜி93. சிலிண்டரின் விட்டம் 81 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 89 மி.மீ. உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இவற்றைப் போட்டு, நான்கு சிலிண்டர்களுக்காக 4-ஆல் பெருக்குங்கள். சுமார் 1,834 கன செ.மீ. கிடைக்கும். ‘1.8 எஞ்சின்’ என்பது இதுதான்.

சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனாலும் எஞ்சின் உருகுவதில்லை. ஒவ்வோர் எரிதலும் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுகிறது. உலோகத்தில் ஏறும் வெப்பத்தைக் குளிர்விக்கும் நீர் உடனே எடுத்துச் செல்கிறது. அந்த நீர் ஒழுகிப்போனால் பாதுகாப்பும் போய்விடும்.

இந்த எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு. அதன்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ‘ஹெட்’ அலுமினியம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கேஸ்கட். ஒரே வெப்பத்தில் அலுமினியம், இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 400 மி.மீ. நீளமுள்ள இரண்டு துண்டுகளை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்கினால், அலுமினியம் சுமார் 0.55 மி.மீ. நீளும், இரும்பு சுமார் 0.26 மி.மீ. மட்டுமே. இந்த வித்தியாசத்தைக் கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லை மீறினால், போல்ட்டுகள் பிடித்திருப்பதால் விரிய இடமின்றி ஹெட் வளைந்துவிடும். கேஸ்கட் கருகி வழிவிடும். குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலந்தால், எண்ணெய் பால் தேநீர் நிறமாகும்.

மறுசீரமைப்பின் உயிர்நாடி அளவெடுப்பதுதான். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின்மேல் வைத்து, இடைவெளியில் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்ப்பார்கள். சுமார் 0.05 மி.மீ. வளைவே பொதுவாக ஏற்கப்படும். அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! அதிகம் வளைந்திருந்தால் இயந்திரத்தில் சீவிச் சமப்படுத்த வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிச் சீவினால் எரியறை சிறுத்து, அழுத்தம் கூடி, எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும்.

அடுத்து சிலிண்டர். அது தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளப்பார்கள். நன்றாக இருந்தால், சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் போட்டுப் புதிய ரிங்குகளைப் பொருத்துவார்கள். எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கடைசியில் ஹெட் போல்ட்டுகளை முறுக்கு அளவி கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். அளக்காமல் புதுக் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், செலவழித்த பணம் விரைவிலேயே மறுபடி ஆவியாகிவிடும்.

தோட்டத்து டிராக்டருக்கும் இதே அறிவியல்தான். ஆகவே, வெப்ப முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி திறந்ததும் கொதித்துப் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். எஞ்சின்மேல் குளிர்நீரையும் ஊற்றக் கூடாது. உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிக்கலாம்.

படிவம் 4 இயற்பியலில் வெப்பம் பற்றிப் படிக்கும்போது இந்தக் காரை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுப்பவர், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரையும் மதித்து அளப்பவர்தான்.