கல் பாதை – 17: உப்பு வண்டியின் ஸ்டெப்னி

அரிட்டாபட்டியில் விட்டிருந்தோம். டங்ஸ்டன் ஏலம், ஊர் திரண்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது எல்லாம் இரண்டு வாரமாக எழுதி முடித்தாயிற்று. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழ் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் நாகமலை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதற்காகத்தான் எழுந்தேன். டீ கொதிக்கிற நேரத்தில், எப்போதோ எழுதி வைத்த அழகர்மலைக் குறிப்பில் ஒரு சொல்லைச் சரிபார்க்கலாமே என்று நோட்டைத் திறந்தது தப்பாகிவிட்டது. மேற்கே போக வேண்டிய வண்டி வடக்கே போனது. ஆறரைக்கெல்லாம் கிடாரிப்பட்டியில் நிற்கிறேன்.

அழகர்கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் கிடாரிப்பட்டி பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. கோயிலைத் தாண்டி மேலூர் சாலையில் போனால் ஊர் வரும். மலையின் இந்தப் பக்கத்துச் சரிவில் ஒரு பெரிய குகை இருக்கிறது. பெயர் கேட்டால் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். மதுரையைச் சுற்றி இருபது குன்று ஏறினால் பத்திலாவது பஞ்சபாண்டவர் படுத்திருப்பார்கள். வனவாசம் முழுக்கத் தூங்கியே கழித்தார்கள் போல. உண்மையில் படுத்தவர்கள் சமணத் துறவிகள்.

கீழே காரைப் புதரும் கிளுவையும். கொஞ்சம் ஏறியதும் மண் தீர்ந்து வெறும் பாறை. பாறையில் ஒற்றையடிப் பாதை தெரியாது என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். மண்ணில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த கோடு இருக்கும். பாறை அதையெல்லாம் காட்டிக்கொடுக்காது. நான் வழக்கம்போலத் தவறான பக்கம் ஏறினேன். இரண்டு ஆள் உயரம் போனதும் வலது கால் ஷூவின் அடி அட்டை பின்பக்கம் பிரிந்து, ஒவ்வொரு எட்டுக்கும் தப் தப் என்று அடிக்க ஆரம்பித்தது. நான்கு வருஷத்துக்கு முன் தள்ளுபடியில் வாங்கியது. அதற்கு மேல் அதைக் குறை சொல்ல நியாயமில்லை.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா இதையெல்லாம் வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"அங்கிட்டு எங்கய்யா போறீக? கழுகா நீங்க?"

"குகைக்குப் போகணும் ஆத்தா."

"புழுக்கை கெடக்கிற பக்கமாப் போங்க. ஆடு போகாத எடத்துல மனுசனுக்கு என்ன சோலி?"

பதினாறு வாரம் எழுதியதில் இவ்வளவு உருப்படியான ஒரு வரியை நான் எழுதவில்லை. இறங்கி வந்தேன். ஷூவைப் பார்த்து, "வாயப் பொளந்துருச்சே" என்றவர், மடியிலிருந்து ஒரு முழக் கயிறு எடுத்துக் கொடுத்தார். ஆடு கட்டுகிற கயிறு வேறே கையில் இருந்தது. இது உபரி. "ஒண்ணு கூடக் கெடக்கட்டும்னு வச்சிருப்பேன்" என்றார். ஷூவைச் சுற்றி மூன்று கட்டுப் போட்டு, புழுக்கையைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். சரியாகக் குகை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டது. அரை மணி நேரம். இது என் முழங்காலின் கணக்கு, இளசுகள் பாதியில் போவார்கள்.

குகைக்குள் சுனைத் தண்ணீரின் வாடை. தரையில் வரிசையாகக் கற்படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் கல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டு மற்ற இடத்தைச் செதுக்கி இறக்கியிருக்கிறார்கள், அதுதான் தலையணை. படுத்துப் பார்த்தேன். ஏழு மணி வெயில் வெளியே பாறையில் ஏற ஆரம்பித்திருந்தது, முதுகுக்குக் கீழே கல் சில்லென்று இருந்தது. மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே வராமலிருக்க மேலே பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அந்த நெற்றியை அண்ணாந்து பார்த்தால் தமிழி எழுத்துப் பொறிப்புகள். யார் யார் தானம் கொடுத்தார்கள் என்ற விவரம்.

நான் சரிபார்க்கப் போன சொல் இங்கேதான் இருக்கிறது. தானம் கொடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: மத்திரையைச் சேர்ந்த பொன்கொல்லன் ஒருவர். கொழு வணிகன் ஒருவர். பணித வணிகன், அறுவை வணிகன். அப்புறம் மத்திரையின் உப்பு வணிகன், பெயர் வியகன். மத்திரை என்பது நம் மதுரைதான். ராஜா இல்லை, மந்திரி இல்லை, கடைத்தெரு மொத்தமும் மலை ஏறி வந்திருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றுக்குக் கி.மு. முதல் நூற்றாண்டு என்று காலம் குறித்திருக்கிறார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைப் பார்த்து நாம் சிலிர்த்தோமே, பதினோராவது அத்தியாயத்தில்? எனக்கு அதைவிட இந்தக் கடைத்தெருதான் பிடித்திருக்கிறது.

கொழு என்றால் ஏர்க்கொழு. மேலூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் இன்றைக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். அறுவை வணிகன் என்றதும் சிரிக்க வேண்டாம், அறுவை என்றால் துணி. சங்கப் புலவர்களிலேயே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு ஜவுளிக்காரர் உண்டு. பணிதம் என்பது பாணிதம், வெல்லப்பாகு மாதிரிச் சமாச்சாரம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு எதிரே சொம்பு நிறையச் சர்க்கரை வைத்து, மேலே வாழை இலை போட்டுச் சூடம் ஏற்றிக் காட்டுகிற ஊர் இது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதே மலையில் ஒரு சர்க்கரை வியாபாரி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கணக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

என்னைப் பிடித்து உலுக்கியது உப்புக்காரர். மதுரையில் உப்பு விளையாது. கிழக்கே தொண்டிக் கரையிலிருந்தோ தெற்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தோ வந்தாக வேண்டும். மாட்டு வண்டி பாரத்தோடு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், தொண்டியிலிருந்து நாலைந்து நாள். வழியில் மழை பிடித்தால் முதலே கரைந்து ஓடிவிடும். சங்கப் பாட்டில் உப்பு வண்டிக்காரர்களுக்கு உமணர் என்று பெயர். மனைவி மக்களோடு கூட்டமாகப் போவார்கள், உப்பைக் கொடுத்து நெல் வாங்குவார்கள். நம் வியகன் அப்படி வண்டி ஓட்டியவரா, உமணரிடம் மொத்தமாக வாங்கிக் கடை போட்டவரா என்று கல்லில் இல்லை. ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டிருப்பதால் கடைக்காரர்தான் என்பது என் கட்சி.

இப்போது நான் சொல்ல வந்தது. புறநானூற்றில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் அவனுக்கு உவமை என்ன தெரியுமா? உமணர்கள் தங்கள் வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் உபரி அச்சு. மாடுகள் இளசு, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், எங்கே என்ன ஆகுமோ என்று ஓர் அச்சைக் கூடுதலாகக் கீழே கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குப் பெயர் சேம அச்சு. சிங்கம், சூரியன், கடல் என்று ராஜாக்களுக்கு எத்தனையோ உவமை கேட்டிருக்கிறோம். நீ ஸ்டெப்னி மாதிரி என்று ஒரு மன்னன் மகனைப் பாடத் துணிந்தவர் ஔவையார் ஒருவர்தான்.

ஸ்டெப்னி என்று எழுதியதும் அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இதற்குப் புதன்கிழமை முழுக்கப் போனது, ஆசிரியர் மன்னிக்கவும். ஆரம்ப கால மோட்டார் கார்களுக்கு உபரிச் சக்கரமே கிடையாது. டயர் வெடித்தால் நடுரோட்டில் உட்கார்ந்து அங்கேயே ஒட்ட வேண்டும். 1904 வாக்கில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், லனெல்லி என்கிற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஓர் உபரிச் சக்கரம் செய்தார்கள். ஆரம் இல்லாத வளையம், டயரோடு. பழுதான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொண்டு ஓட்டலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருதான் உலகம் சுற்றி வந்து நம் ஊர் ஆட்டோக்காரர் வாயில் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சர் ஒட்டுகிற எந்தக் கடையிலும் நாளைக்கே 'சேம அச்சு' என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு உப்பு வண்டி வரும். படியால் அளந்து போடுவார்கள். விளக்கு வைத்த பிறகு யார் வந்து கேட்டாலும் அப்பத்தா உப்புக் கொடுக்காது. பலசரக்குக் கடையில் ராத்திரி எல்லா மூட்டையையும் உள்ளே இழுத்துப் போட்டுப் பூட்டுவார்கள், உப்பு மூட்டை மட்டும் திண்ணையில் கிடக்கும், திருட ஆள் இல்லை. அவ்வளவு மலிவான சரக்கை விற்றுத்தான் வியகன் துறவிகளுக்குத் தானம் செய்திருக்கிறார் என்று சொல்ல வந்தேன். ஆனால் அன்றைக்கு அது மலிவுச் சரக்காக இருந்திருக்காது. ஐந்து நாள் வண்டிக் கூலி சேர்ந்த சரக்கு.

உப்பை விட்டுவிட்டுப் பாதைக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் மகன் வீட்டில் இருக்கும் வாசகர் ஒருவர் படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் கடல், செங்குத்தான கரை. அங்கிருந்து உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்குள் போகிற நடைபாதை. பாதை பிரிகிற இடத்திலெல்லாம் பலகை, தூரம், எச்சரிக்கை. 'நம் ஊரில் இப்படி வருமா?' என்று கேட்கிறார். வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு முன்பதிவு வைத்தது. நல்ல காரியம். மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-ல் தொடங்கிய பசுமை நடை இந்தக் குன்றுகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப்போய், கல்வெட்டைப் படித்தும் காட்டியிருக்கிறது. நான் முதல்முதலாகத் தமிழி எழுத்தைக் கண்ணால் பார்த்ததே அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுதான்.

பலகை வைப்பதில் எனக்குப் பாதி மனசு. குகை வாசலில் வைக்கட்டும், கல்வெட்டு வாசகத்தோடு. இல்லாவிட்டால் மேலே பெயிண்டால் பெயர் எழுதுகிறவனுக்குத் தான் எதன் மேல் எழுதுகிறோம் என்று தெரியாமல் போகும். பாறை முழுக்க அம்புக்குறி வேண்டாம். அங்கே புழுக்கை போதும்.

இறங்கி வரும்போது ஆத்தாவைக் காணவில்லை. ஆடுகள் தூரத்தில் கண்மாய்க் கரைப் பக்கம் தெரிந்தன. கயிறு என் ஷூவிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அவிழ்த்துக் கழுவி, வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

நாகமலை அடுத்த வாரம். ஆசிரியர் இதைப் படித்துச் சிரிப்பது இங்கே கேட்கிறது. புது ஷூ வாங்கியாயிற்று, குதிகாலைக் கடிக்கிறது. அது எத்தனை நாளில் பழகுகிறது என்பதைப் பொறுத்துக் கொங்கர் புளியங்குளம் வரை போவதா, பாதியில் திரும்புவதா என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)