அப்பாவின் மினியும் வெடித்த றப்பர் உறையும்

போன மாதம் காரைக் கழுவும்போதுதான் கண்டேன். முன் இடது சில்லின் உட்புறமெங்கும் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தது. ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக வெட்டிவிட்டு, குனிந்து ரோச் அடித்துப் பார்த்தேன். சில்லுக்குப் போகும் ட்ரைவ் ஷாஃப்டின் வெளிமுனை ஜொயின்றை மூடியிருக்கும் றப்பர் உறை மடிப்பில் வெடித்திருந்தது. கராஜ்களில் 'சீவி பூட்' என்பார்கள். எப்போது வெடித்ததோ தெரியாது. இரண்டு கிழமையாவது அப்படியே ஓடியிருப்பேன்.

கார் அப்பா விட்டுப்போன ஒஸ்ரின் மினி. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு விலைக்குக் கேட்டு வந்தவர்கள் பலர். கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் பெரும்பாலும் மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின் ஏ40. 1948இல் வந்த மைனரையும் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தவர் ஒருவரே: அலெக் இசிகோனிஸ். மினியின் எஞ்சினும் பிற்கால மைனரின் எஞ்சினும் ஒரே 'ஏ' வரிசை. ஆகவே எஞ்சின் வேலைக்கு இங்கே கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் மைனரை உந்துவது பின் சில்லு. மினியை உந்துவதும் திருப்புவதும் அதே முன் சில்லு.

அங்கேதான் சிக்கல். சாதாரண சிலுவை ஜொயின்ற் ஒன்று பெரிய கோணத்தில் வளைந்தால் சீராகச் சுற்றாது; ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும். அதனால் மினியின் வெளி ஜொயின்றில் வளைந்த தடங்களுக்குள் ஆறு உருக்குப் பந்துகள் ஓடுகின்றன. எவ்வளவு திருப்பினாலும் வேகம் மாறாது. இதற்குக் கிறீஸ் நிப்பிள் கிடையாது. உள்ளே அடைத்ததுதான் கிறீஸ். அதைக் காப்பது அந்த றப்பர் மட்டுமே. உறை வெடித்தால் கிறீஸ் வெளியே, மணல் உள்ளே. மிச்சமிருக்கும் கிறீஸ், வால்வு அரைக்கும் பசை போலாகிவிடும்.

எனக்குத் தெரிந்த கராஜ் அண்ணை கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சத்தம் வருதோ?" வெறும் வளவில் ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டி, மெதுவாக அக்சிலரேற்றரை மிதிக்கச் சொன்னார். 'டக் டக்' என்று கேட்டால் ஜொயின்ற் முடிந்தது என்று அர்த்தம். கேட்கவில்லை.

கழற்றாமலே ஒட்டும் பிளந்த உறைகளும் விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. உள்ளே போன மணலை யார் எடுப்பது?

சில்லு நிலத்தில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நடு நட்டை இளக்கினோம். பிறகு ஜக் அடித்து, ஸ்ராண்டில் நிறுத்திச் சில்லைக் கழற்றினோம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. ஸ்ரியரிங் கம்பியின் முனையையும் மேல் போல் ஜொயின்றையும் விடுவித்து, பிரேக் ஹோஸ் இழுபடாமல் சில்லுக் குடத்தைச் சாய்த்தால் ஷாஃப்டை எடுக்க இடம் கிடைக்கும். ஜொயின்றின் விளிம்பில் அண்ணை செப்புச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி போட்டார். உள்ளிருக்கும் கம்பி வளையம் சுருங்க, ஜொயின்ற் கழன்று வந்தது.

மண்ணெண்ணெயில் கழுவி, பந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பந்திலோ தடத்திலோ குழி இருந்தால் புது உறை போடுவது வீண்செலவு. ஜொயின்றையே மாற்ற வேண்டும். ஐந்து பந்துகள் பளபளத்தன. ஆறாவதில் மங்கலாக ஒரு தடம். அண்ணை நகத்தால் தடவிப் பார்த்தார், நகம் சிக்கவில்லை. "ஓடலாம், ஆனா காதைத் தீட்டி வைச்சிரு" என்றார்.

புது உறையை முதலில் ஷாஃப்டில் ஏற்ற வேண்டும், பிறகுதான் ஜொயின்ற். மாறிப் பூட்டிவிட்டுத் திரும்பக் கழற்றாத மெக்கானிக்கே இல்லையாம். கிறீஸும் சில்லு பெயரிங்குக்குப் போடுவது சரிவராது; மொலிப்டீனம் கலந்தது வேண்டும். கட்டும் கம்பியின் முனையை ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிர்ப்புறமாக மடித்துவிட்டோம். நடு நட்டில் ஸ்பிலிட் பின் துவாரம் நேர்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குவதுதான் முறை, இளக்கக் கூடாது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வெறும் வளவுக்குப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு வட்டம் அடிக்கிறேன். இதுவரை சத்தமில்லை.