தம்பி சைக்கிளும் நானும்

“நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு இது இன்னாத்துக்குடி?” என்று கேட்டாள் என் அம்மா. என் கையில் ஸ்பானர். எதிரே, கோணிமேல், துரு ஏறிய ஒரு குட்டி சைக்கிள்.

இல்லத்தரசிகளாகிய நமக்குப் பொழுதுபோக்கு என்றால் கோலம், எம்பிராய்டரி, ஊறுகாய், தோட்டம் என்று ஒரு ஜாபிதா வைத்திருக்கிறார்கள். அதில் சைக்கிள் கிடையாது. என் ஜாபிதாவில் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதை நெமிலியிலிருந்து எழுதுகிறேன். சகோதரிகள் சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்!

போன வருஷம் போகிக்கு முதல் நாள், அடுத்த தெருவில் இருக்கும் அம்மா வீட்டில் மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்தோம். பரண்மேலிருந்து என் தம்பியின் பழைய சைக்கிள் இறங்கியது. பழைய இரும்புக்காரர் தூக்கிப் பார்த்து, “பன்னெண்டு கிலோ இருக்கும்மா, முந்நூறு ரூபா தர்றேன்” என்றார். அம்மா தலையாட்டுவதற்குள், “அந்த முந்நூறை நான் தர்றேன்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அது என்ன சைக்கிள்?

1990-ல் அப்பா மெட்ராஸிலிருந்து தம்பிக்கு வாங்கி வந்தது. 20 அங்குலச் சக்கரம், உயரமான ஹேண்டில் பார், அதில் ஒரு குறுக்குக் கம்பி. மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, கேரியரும் இல்லை. இந்த ஜாதி வண்டிக்கு பி.எம்.எக்ஸ். என்று பெயர். ‘பைசிக்கிள் மோட்டோகிராஸ்’ என்பதன் சுருக்கம் அது.

1963-ல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி ‘ஸ்டிங்ரே’ என்ற சின்னச் சக்கர சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் மண் மேட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்த பிள்ளைகள், 1970-ஐ ஒட்டிய வருஷங்களில், இந்த மாதிரி சின்ன வண்டிகளை எடுத்துக்கொண்டு அதே போல் குதித்து ஓட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் விளையாட்டாகத் தொடங்கியது 2008-ல் பீஜிங் ஒலிம்பிக் வரை போய்விட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் (அது நடந்தது 2021-ல்) பெண்கள் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர் பிரிட்டனின் பெத் ஷ்ரீவர். நடுவில் சில காலம் அந்த நாட்டில் ஆண்களுக்குத்தான் பயிற்சிப் பணம், பெண்களுக்கு இல்லை. அவர் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியையாக வேலை பார்த்து, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி பயிற்சி எடுத்தார். பெண்ணும் சைக்கிளும் என்றால் எந்த ஊரிலும் யாராவது குறுக்கே நிற்கத்தான் செய்கிறார்கள்!

என் வீட்டில் குறுக்கே நின்றது அம்மா. தம்பியைவிட நான்தான் அந்த வண்டியை அதிகம் ஓட்டினேன். ஏரிக்கரை மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல் இறங்குவேன். 1992-ல் நான் பெரியவளானேன். மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் வண்டியில் ஏறப் போனவளை அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். “இனிமே இதெல்லாம் தம்பிக்குத்தான்.” அவ்வளவுதான், முடிந்தது.

அதே 1992-ல் புதுக்கோட்டையில் என்ன நடந்தது தெரியுமா? ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், கிராம நர்சுகள் எல்லாரும்தான். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிப் போனதால் பலர் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே பழகினார்கள். அந்த வருஷம் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்களாம். இதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இறங்கிய வருஷம் அவர்கள் ஏறியிருக்கிறார்கள்.

டாக்டர் போட்ட பிள்ளையார் சுழி

கொட்டகையில் சைக்கிள் கிடைத்த அதே சமயம் எனக்கு முழங்கால் வலி. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. “வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணும்மா. முட்டி வலிக்குதுன்னா சைக்கிள் மிதிக்கலாம். உடம்பு பாரத்தை சீட்டு தாங்கிக்கும், முட்டிக்கு அவ்வளவா சிரமமில்லை” என்றார் டாக்டர். அவர் புது சைக்கிளைத்தான் சொல்லியிருப்பார். நான் பழசைப் பிரித்துப் போட்டேன்.

எங்கள் கடைத்தெருவில் சைக்கிள் கடை பாய் இருக்கிறார். “ஓவராயில் பண்ணித் தாங்க பாய்” என்று கேட்டேன். அவர் ஒரு தரம் வண்டியைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். “பிரிக்கிறதும் பூட்டுறதும் நீயே செய்ம்மா. முடியாததை மட்டும் எங்கிட்ட கொண்டா. அப்பத்தான் நடுவழியில நின்னா உனக்குக் கை பழகியிருக்கும்” என்றார். அதைவிட நல்ல உபதேசம் எனக்கு யாரும் செய்ததில்லை.

சமையல்கட்டும் சைக்கிளும்

முதல் பாடம்: பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனி டிபன் மூடியில் போட்டு வையுங்கள். முன் சக்கர ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ஸ் இருந்தன, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9. ஒன்று உருண்டு போனாலும் சக்கரம் சரியாக ஓடாது. பெடலில் வலது பக்கத்து மரை எல்லா ஸ்க்ரூ மாதிரியும் கழலும். இடது பெடல் மட்டும் தலைகீழ் மரை. இது தெரியாமல் அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தேன்!

இரண்டாம் பாடம்: துரு. ஹேண்டில் பாரின் முலாம் மேல் படிந்த துருவைப் போக்க, ஆம்பூர் பிரியாணி பார்சலில் வந்த அலுமினிய ஃபாயிலைக் கழுவி, கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. பழைய கிரீஸைக் கொஞ்சம் டீசலில் ஊறவைத்துத் துடைத்தேன். இதை அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், கொல்லைப்புறம்தான் சரி.

மூன்றாம் பாடம் 600 ரூபாய்க்குக் கிடைத்தது. ‘20 அங்குலம்’ என்று கேட்டு வாங்கி வந்த டயர் ரிம்மில் ஏறவே இல்லை. 20 அங்குலத்திலேயே ஒரு ஜாதி 406 மில்லிமீட்டர் ரிம்முக்கு, இன்னொரு ஜாதி 451-க்கு. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அது அச்சாகியிருக்கும். பழைய டயரைக் கையோடு எடுத்துப்போய் அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் கொண்டு போகிற நமக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

சக்கரக் கோட்டம் எடுக்க பாய் சொல்லிக் கொடுத்தார். ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் கோட்டமான இடத்தில் கோடு விழும். ரிம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் இடப்பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. தையல் மெஷினில் நூல் டென்ஷன் வைக்கிற அதே கைப்பக்குவம்தான். ஃப்ரீவீல் கழற்றுவதும் பிரேக் மாட்டுவதும் மட்டும் பாயிடம் விட்டேன்.

ஃப்ரீவீலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னால் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 16. ஒரு மிதிக்குப் பின் சக்கரம் 2¾ சுற்று சுற்றும்; வண்டி 4 மீட்டருக்கு மேல் போகும். பிள்ளைகளுக்கு அது சரி, என் முட்டிக்குக் கனமாக இருந்தது. 18 பல் உள்ள ஃப்ரீவீல் மாற்றினோம். ஒரு மிதிக்குப் போகும் தூரம் 3¾ மீட்டருக்குக் குறைந்தது, மிதிப்பும் இலேசாயிற்று.

சீட்டுக் கதை தனி. பெரியவர்கள் குட்டி சைக்கிளில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். பின்பக்கம் வளைந்த நீளமான சீட்டுக் கம்பி போட்டால் இடம் கிடைக்கும். கம்பியில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று கோடு இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் கொஞ்சமாக மடங்கியிருந்தால் உயரம் சரி.

சீட்டின் ரெக்சின் பொடிப் பொடியாகக் கிழிந்து கிடந்தது. நம்ம பக்கத்தில் தோலுக்கா பஞ்சம்? ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற என் நாத்தனாரைக் கேட்டேன். “அண்ணி, ஷூவுக்குப் போடற குரோம் தோல் உங்களுக்கு ஆகாது. பட்டைத் தோல் வாங்குங்க” என்றாள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டு, கடுக்காயில் முடிக்கும் பழைய காலத்துத் தோல் அது. தண்ணீரில் நனைத்து, சீட்டின் மேல் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைத்தால் வடிவம் அப்படியே நிற்கும். குரோம் தோல் அப்படி நிற்காது. சர்க்கரைக்கு ஆவாரம்பூ டீ குடி என்று தினமும் சொல்கிற என் மாமியாரிடம், “ஆவாரம்பட்டை மேலேயே உக்காந்திருக்கேன் அத்தை” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை பாக்கே வெளியே வந்துவிட்டது!

அந்தக் காலத்து பி.எம்.எக்ஸில் பாரிலும் ஹேண்டிலிலும் மெத்தென்று மூன்று உறை இருக்கும். பழைய ஸ்கூட்டர் சீட்டின் ஸ்பாஞ்சும் நீல ரெக்சினும் வைத்து என் மெஷினில் தைத்தேன். வண்டிக்கு மாம்பழ மஞ்சள் பெயிண்ட். முன்னால் பந்தய வண்டி மாதிரி ஒரு நம்பர் பலகை. அதில் 92 என்று எழுதினேன். செலவு, வீணாய்ப்போன டயரையும் சேர்த்து 3,700 ரூபாய், நான் ஜாக்கெட் தைத்த காசு. நாலு மாசம், மதியம் தூங்கும் நேரம் மட்டும்.

ஏறிய நாள்

விடிகாலை ஐந்தரைக்கு ஏரிக்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். இவர் டார்ச்சோடு பின்னால் வந்தார். முதல் நாள் செயின் கழன்று விழுந்து முட்டியில் சிராய்ப்பு. “போதும், வித்துடலாம்” என்றார் இவர். நான் உட்கார்ந்து செயினை மாட்டினேன். பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நட்டை இறுக்கினேன். மறுபடியும் ஏறினேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகியும் கால் மறக்கவில்லை, சகோதரிகளே! தெருவில் சிரிப்பு இருந்தது, வாஸ்தவம். பத்து நாளில் அது பழகிவிட்டது, எனக்கும் அவர்களுக்கும்.

இப்போது வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ராத்திரி இட்லியைக் குறைத்ததும் அதில் சேர்த்தி. எல்லாப் பெருமையையும் சைக்கிளுக்கே கொடுக்க மாட்டேன். நீங்களும் ஏற நினைத்தால், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். புடவை வேண்டாம், சுடிதார் என்றால் துப்பட்டாவை முடிந்துகொண்டு, வலது கால் பேண்ட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள். ஹெல்மெட் போடுங்கள். முதலில் பிரேக்கைப் பாருங்கள், அப்புறம் பெயிண்ட்டைப் பார்க்கலாம்.

என் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கமே சைக்கிள் கொடுத்தது. அவள் வயதுக்கு வந்தபோது யாரும் அவளை எதிலிருந்தும் இறக்கவில்லை. அதனால் என் வண்டியின் 92 அவளுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

போன மாசம் ஒரு சாயங்காலம் அம்மா வாசலில் வண்டியை நிறுத்தினேன். அந்த நம்பர் பலகையைத் தடவிப் பார்த்து, “இது இன்னா நம்பர்?” என்று கேட்டாள்.

“வருஷம்மா.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “எங்க அம்மா என்னை இறக்குனா. நான் உன்னை இறக்குனேன். வேற தெரியலடி” என்றாள். அம்மாவும் ஓட்டியவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏண்டி, இவ்ளோ செஞ்சியே, பின்னால ஒரு கேரியர் வெக்கக் கூடாது? நான் எங்க உக்கார்றது?”

பி.எம்.எக்ஸுக்குக் கேரியர் கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் பாய் கடைக்குப் போகிறேன்.