மரவேலை இயந்திரம் எங்கே வாங்குவது?

தில்லி மாநகரில் சிறு தச்சுப் பட்டறை வைத்துப் பிழைப்போரும், புதிதாக வைக்க எண்ணுவோரும் பலர். இழைப்புளியும் உளியும் கைவாளும் கொண்டு தொடங்கிய தொழில், வேலை பெருகியதும் இயந்திரத்தை வேண்டுகிறது. என்ன இயந்திரம் என்று நாம் பல நாள் ஆராய்கிறோம். எங்கே வாங்குவது என்பதை மட்டும் ஒரு மாலைப் பொழுதில் முடிவு செய்துவிடுகிறோம். பக்கத்துப் பட்டறைக்காரர் காட்டிய கடையே நம் கடையாகிவிடுகிறது. போட்ட முதலும், சில வேளை கைவிரலும், இந்த இரண்டாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

கடைக்குப் புறப்படுமுன் பார்க்க வேண்டியது நம் வீட்டு மின்சார மீட்டரை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ நான்கு கிலோவாட் தேவை. அது புறப்படும் நொடியில் இழுக்கும் மின்னோட்டமோ பல மடங்கு. ஒற்றை முனை இணைப்பும் குறைந்த அனுமதிச் சுமையும் உள்ள இடத்திற்கு மும்முனை இயந்திரத்தை மலிவு என்று வாங்கி வந்தால், அது பட்டறை மூலையில் துணி போர்த்துக்கொண்டு நிற்கும். நகரின் குடியிருப்புப் பகுதியில் பட்டறை இருக்குமானால் அங்கே அத்தொழிலுக்கு அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனிக் கடைவீதிக்கு வருவோம். முன்னாளில் ஜி. பி. ரோடு என வழங்கப்பட்டு, இன்று சுவாமி சிரத்தானந்த மார்க் எனப் பெயர் கொண்ட தெருவின் கீழ்த்தளக் கடைகள் இரும்புச் சாமான்களுக்கும் இயந்திரங்களுக்கும் கைக்கருவிகளுக்கும் பெயர் பெற்றவை. மேற்குத் தில்லியில் கீர்த்தி நகர், மரக்கிடங்குகளும் மரச்சாமான் கடைகளும் நிறைந்த இடம். அங்குள்ள பட்டறைகளில் எந்த இயந்திரம் ஓடுகிறது, எது நின்று கிடக்கிறது என்று அரை நாள் சுற்றிப் பார்ப்பது, பத்து விலைப்பட்டியல்களைப் படிப்பதைவிடப் பயன் தரும். மொழியையும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும். இழைப்பு இயந்திரத்தை இங்கே ரந்தா என்பர். அறுவை இயந்திரம் ஆரா. பிளேனர் என்று மட்டும் கேட்டால், கையில் பிடிக்கும் சிறு மின்கருவியை எடுத்து வைக்கவும் கூடும்.

புதிய இயந்திரம் வாங்குவோர் கடையோடு நின்றுவிட வேண்டியதில்லை. பஞ்சாபில் ஜலந்தர், பட்டாலா, லூதியானா ஆகிய ஊர்கள் வார்ப்பு வேலைக்கும் இயந்திரத் தொழிலுக்கும் பேர்போனவை. தில்லியிலிருந்து இரவு இரயிலில் சென்று செய்பவரிடமே பேசலாம். வெளிநாட்டு இயந்திரங்களை ஓடவிட்டுக் காட்டும் டெல்லிவுட் என்னும் கண்காட்சி கிரேட்டர் நொய்டாவில் நடந்து வருகிறது. தென்னாட்டார்க்குப் பெங்களூரின் இந்தியாவுட் உண்டு. கண்காட்சியில் ஒரு கேள்வியை மறவாமல் கேட்க வேண்டும்: “பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார்?” தொலைதூர நகரிலிருந்து ஆள் வரக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி கொடுத்தாக வேண்டும் அல்லவா?

பழைய இயந்திரம் வாங்கலாமா என்றால், அது இயந்திரத்தைப் பொறுத்தது என்போம். கனத்த வார்ப்பிரும்பு மேசையும் ஒரு மோட்டாரும் இரண்டு பேரிங்குகளும் கொண்ட இழைப்பு இயந்திரம் முப்பது ஆண்டு உழைத்த பின்னும் உழைக்கும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து வாட்கின் கம்பெனியார் செய்த பழைய இயந்திரங்களை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. தகட்டை வளைத்துச் செய்த மலிவான புதியதைவிட இத்தகைய பழையதே அதிர்வின்றி ஓடும். பலகை ஓரத்தில் பட்டை ஒட்டும் இயந்திரமும், கணினி கொண்டு இயங்கும் இயந்திரமும் வேறு வகை. அவற்றின் மின்னணுப் பலகை கெட்டு, செய்த கம்பெனியும் அதை நிறுத்திவிட்டிருந்தால், மிஞ்சுவது இரும்பு எடைதான். ஆகவே எளிய இயந்திரத்தைப் பழையதாகவும் சிக்கலானதைப் புதியதாகவும் வாங்குவதே நம் பரிந்துரை.

பழையதைச் சோதிக்க ஒரு நேர்க்கோல், இடைவெளி அளக்கும் தகடுகள், ஒரு டார்ச்சு விளக்கு போதும். மேசையின் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் நேர்க்கோலை வைத்து ஒளி கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். வாள் பொருந்தும் தண்டைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரியலாகாது. கத்தி பொருந்தும் உருளை வட்டமாக இருத்தல் வேண்டும். பழைய சதுர உருளை கையை உள்ளே இழுத்துவிடும் தன்மையது, விலை எத்துணை குறைவாயினும் வேண்டாம். புதிய பெயிண்டு கண்ட இடத்தில் விரிசலைத் தேட வேண்டும். மோட்டாரின் பெயர்த் தகட்டையும் படிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்தோ தைவானிலிருந்தோ வந்ததாயின் அதில் 60 சைக்கிள் என்றிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள். நிமிடத்திற்கு 3,450 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் இங்கே 2,875 சுற்றுதான் சுற்றும். அழுத்தமும் பொருந்தாவிட்டால் மோட்டாரையே மாற்ற நேரும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்க.

பாதுகாப்பு மறைப்பு இல்லாத பழைய இயந்திரங்கள் சந்தையில் மிகுதி. சுழலும் தண்டில் துருத்தி நிற்கும் திருகாணிகளை மறைக்காமல் தொழிற்சாலைக்கென விசை இயந்திரத்தை விற்பதையே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குற்றமாக்கியது. வாளுக்குப் பின்னே நிற்கும் பிளவுக் கத்தியும் மேல் மூடியும் தனியே எங்கோ கிடக்கின்றன என்று விற்பவர் சொன்னால், அவை வந்து சேர்ந்த பின்னரே பணம் கொடுப்பது நலம்.

சட்டம் வாங்குவோரை எவ்வளவு காக்கிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, பொதுவாகப் பொருளின் தகுதியைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அப்பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் அறிவை நம்பி வாங்கினால், அது அவ்வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அமையும் நிபந்தனை. குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி அதுவே வேண்டும் என்று கேட்டு வாங்கினால் இந்தக் காப்பு போய்விடும். நாமே சோதித்துப் பார்த்த பொருளில், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் வழக்காட முடியாது. ஆதலின், “தேக்குப் பலகையை ஒன்பது அங்குல அகலத்தில் இழைக்க” என்பது போல வேலையைக் குறித்து எழுதி, விற்பவர் கையொப்பம் பெறுவது நல்லது. தன் பிழைப்புக்காகத் தானே வேலை செய்பவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் முறையிடலாம். பெரிய வணிகருக்கு அவ்வழி இல்லை.

கடன் கட்டாத ஆலைகளின் இயந்திரங்களை வங்கிகள் ஏலம் விடுகின்றன. அரசுத் துறைகளின் கழிவுப் பொருள்களை எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம் மின்னேலத்தில் விற்கிறது. இவ்விடங்களில் விலை குறைவுதான். உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே என்பது அங்கே விதி. கழற்றுவதும் ஏற்றுவதும் நம் செலவு. பொருளின் பூர்வீகம் தெரியாமல் வாங்குவதன் அபாயத்தை மாயாபுரி பழம்பொருள் சந்தை 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் கண்டது. பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட ஆய்வுக் கருவியைப் பிரித்தபோது, உள்ளிருந்த கதிரியக்கக் கோபால்ட் பலரைத் தாக்கியது, ஒருவர் உயிரிழந்தார். மரவேலை இயந்திரத்தில் கோபால்ட் இராது என்பது மெய்யே. ஆயினும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எதையும் வாங்கலாகாது.

வட்ட மரத்தை அறுக்கும் பட்டை வாளை வாங்குவோர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. நீலகிரிக் கூடலூர்க் காடுகள் பற்றி எழுந்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-இல் பிறப்பித்த ஆணையிலிருந்து, நாடெங்கும் மர அறுவை ஆலைகள் கடுங் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. மூடப்பட்ட ஆலையின் இயந்திரம் மலிவாகக் கிடைக்கும். உரிமம் அதனோடு வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. வனத்துறையிடம் முதலில் கேட்க வேண்டும்.

பணத்திற்கு, 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விசுவகர்மா திட்டத்தில் பதிவு பெற்ற தச்சர்க்கு ஈடின்றி முதலில் ஒரு லட்சம், பின்னர் இரண்டு லட்சம் என ஐந்து சதவீத வட்டியில் கடன் வழி உண்டு. அந்தப் பணத்தை முழுதும் இயந்திரத்திலேயே போட்டுவிடாமல், மரத்தூளை உறிஞ்சும் கருவிக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இலேயே வகைப்படுத்தியுள்ளது.

விலை பேசி முடித்தபின், முன்பணம் கொடுக்குமுன், நம் பட்டறையில் நாம் அன்றாடம் அறுக்கும் மரத்திலேயே இரண்டு பலகைகளைக் கொண்டு செல்வோம். அரை மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டு, மோட்டாரின் மேலும் பேரிங்குகளின் உறை மேலும் கையை வைத்துப் பார்ப்போம். கை வைக்க இயலாத சூடு இருந்தால், பலகைகளை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம்.